அட்டை ஐந்து, கையில் காசில்லை!

தோட்டத்துப் பிள்ளை ஒன்று பல்கலைக்கழகத்தில் கால் வைத்துவிட்டால் லயம் முழுவதும் தலை நிமிர்ந்து நடக்கிறது. விடியுமுன் பெரட்டுக்குப் போய் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கும் தாயும் தகப்பனும், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மாதாமாதம் பினாங்குக்குப் பணம் அனுப்புகிறார்கள். "வேளைக்குச் சாப்பிடுறியா? பாடம் புரியுதா?" என்று விசாரிக்கிறார்கள். "உன் பேரிலே எத்தனை பாங்கிக் கணக்கு இருக்கு?" என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அதையும் கேட்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

கூலிம் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பினாங்குத் தீவுக்குப் படிக்க வந்த பையன் ஒருவன். கெட்டிக்காரன், கெட்ட பழக்கம் எதுவுமில்லை. அவனிடம் ஐந்து கணக்குகள் இருந்தன. பள்ளி நாளில் உதவித்தொகைக்காகத் தகப்பன் திறந்து கொடுத்தது ஒன்று. கல்விக் கடன் வந்து விழுவது ஒன்று. பகுதி நேர வேலை கொடுத்த கடைக்காரர், "சம்பளம் இந்தப் பாங்கியில்தான் போடுவோம்" என்றதால் திறந்தது ஒன்று. கல்லூரி திறந்த வாரத்தில் மேசை போட்டு, தண்ணீர்ப் போத்தல் இனாம் என்று சொல்லித் திறக்க வைத்தது ஒன்று. ஐந்தாவது, கைப்பேசியில் இருக்கும் பணப்பை. இவை போதாவென்று, "இன்று வாங்கு, பிறகு கொடு" என்னும் இரண்டு கைப்பேசிச் செயலிகளில் 540 வெள்ளி கடன். தவணை தப்பியதற்கு அபராதம் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

"காசில்லை, அதனால்தான் கட்டவில்லை" என்றான். உட்கார வைத்து ஒவ்வொரு கணக்காய்த் திறக்கச் சொன்னோம். 87, 310, 145, 20, 38. கூட்டிப் பார்த்தால் 600 வெள்ளி! கடனைத் தீர்க்கப் பணம் முழுவதும் அவனிடமே இருந்தது. ஒவ்வொரு கணக்கையும் தனியே பார்த்ததால் ஒவ்வொன்றும் அற்பமாய்த் தோன்றியிருக்கிறது. தன் பணம் ஐந்து மூலையில் தூங்க, தன் கடனுக்கு அபராதம் கட்டிக்கொண்டிருந்தான்.

ஜார்ஜ் டவுன் பினாங்கு ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்து வட்டிக்கடை நடத்திய செட்டியார்களைப் பற்றித் தொழிலாளருக்குச் சொல்லக் கசப்பான கதைகள் உண்டு. ஆயினும் ஒரு விஷயத்தை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். பற்று எத்தனை, வரவு எத்தனை ஏடுகளில் கிடந்தாலும், கடைசியில் அத்தனையையும் ஒரே தாளில் திரட்டி ஐந்தொகை எடுத்துவிடுவார்கள். தன்னிடம் உள்ளதும் தான் கொடுக்க வேண்டியதும் ஒரே பார்வையில் தெரியும். படித்த நம் பிள்ளைகள் இதைச் செய்வதில்லை.

பாங்கிக் கணக்கில் உள்ளதற்கு மேல் எடுப்பதை மேல்பற்று, அதாவது ஓவர்டிராப்ட் என்பார்கள். நம் நாட்டில் அது நடப்புக் கணக்கு வைத்திருக்கும் வியாபாரிகளுக்குப் பழக்கமானது; சாதாரணச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் மாணாக்கருக்கு அது கிடையாது. கடன் அட்டைக்கும் ஆண்டுக்கு 24,000 வெள்ளி வருமானம் வேண்டுமென்று 2011-இல் பேங்க் நெகாரா விதித்தது. இந்தக் கதவுகள் சாத்தியிருப்பதால்தான், "பிறகு கொடு" என்ற சன்னல் வழியாக அதே மேல்பற்று உள்ளே நுழைந்திருக்கிறது. இங்கிலாந்தில் நெடுங்காலம் குடியிருக்கும் நம் உறவினர் பிள்ளைகளுக்கு மாணவர் கணக்கிலேயே வட்டியில்லாத மேல்பற்று கிடைக்கிறது. படிப்பு முடிந்த பின் அந்தச் சலுகை படிப்படியாய்க் குறையும். 2020 ஏப்ரலில் அங்கே விதிகள் மாறியபோது பல பாங்கிகள் மேல்பற்று வட்டியை ஆண்டுக்கு 40 சதவிகிதத்தை ஒட்டி வைத்துவிட்டன. 500 பவுனுக்கு மாதம் சுமார் 14 பவுன்! வேறொரு கணக்கில் 500 பவுனைச் சேமிப்பென்று வைத்துக்கொண்டு இதைக் கட்டுகிறவனை என்னவென்பது?

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். 1997-இல் ஏற்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனுக்குச் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 சதவிகிதம். அது பொறுக்கும். அபராதம் ஏறும் கைப்பேசிக் கடன் பொறுக்காது. அதை முதலில் ஒழிக்க வேண்டும். கழகத்தின் கடனுக்கு மனுப்போட அதன் சேமிப்புத் திட்டத்திலும் கணக்கு வேண்டுமாதலால், அந்த ஒன்றை மட்டும் இந்தக் கழித்தலில் சேர்க்காதீர்கள்.

பயன்படாத கணக்கு சும்மா கிடந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் பிடிக்கும் பாங்கிகள் உண்டு; இருபது வெள்ளி கிடக்கும் கணக்கு அதிலேயே கரையும். பல வருடம் தொடாத பணம் 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசாங்கப் பதிவாளரிடம் போய்ச் சேரும்; பிறகு மனுப்போட்டு மீட்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. "உனக்குத் தேவையில்லாத அட்டையைக் கொடு, சில நூறு வெள்ளி தருகிறேன்" என்று வருகிறவன். மோசடிக் கும்பல் ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கு வழியாய்ப் போகும். போலீஸ் வந்து நிற்பதோ தோட்டத்து வீட்டு வாசலில். இதை மலாயில் கழுதைக் கணக்கு என்றே சொல்கிறார்கள். 2024-இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, தன் கணக்கை அந்நியர் கையில் ஒப்படைப்பதே தண்டனைக்குரியதாகிவிட்டது. "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது. நூறு இருநூறுக்குப் பட்டமும் போய், வேலையும் போய், மானமும் போகும். அட்டை மேசைக்குள் சும்மா கிடப்பதால்தானே அதை விற்கத் தோன்றுகிறது?

ஆகையால் இரண்டு கணக்கு போதும். பணம் வரவும் செலவாகவும் ஒன்று. எளிதில் கை வைக்காத சேமிப்புக்கு ஒன்று. மற்றவற்றை மூடுமுன், எங்கேனும் தவணையோ சந்தாவோ தானாகக் கழிகிறதா என்று பார்த்து மாற்றிவிட வேண்டும். ஒரு மாதம் பொறுத்து, மிச்சக் காசை மாற்றிக்கொண்டு, பாங்கிக்கு நேரில் போய் மூடி, மூடியதற்குச் சீட்டு வாங்க வேண்டும். ஏ.டி.எம். இயந்திரம் ஏழு வெள்ளியைக் கொடுக்காது என்பதற்காக அதை விட்டு வருகிறார்கள். கைப்பேசி வழியாக அந்த ஏழையும் மாற்றிவிடலாம். புதிதாய்த் திறந்த கணக்கைச் சில மாதத்துக்குள் மூடினால் கட்டணம் கேட்கும் இடமும் உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று: கடன் வாங்கிய பாங்கியிலேயே சாப்பாட்டுப் பணத்தையும் வைக்காதிருப்பது நல்லது. தவணை தப்பினால் அங்கிருந்தே பிடித்துக்கொள்ளும் உரிமையைப் பாங்கிகள் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கும்.

"எல்லாம் ஒரே இடத்தில் இருந்து, அந்த இடமே முழுகினால்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். 1986-இல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டதைக் கண்டவர்களின் பயம் நியாயமானதே. இன்றைக்கு ஒவ்வொரு பாங்கியிலும் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதி இருக்கிறது. மாணாக்கன் பணத்துக்கு அது தாராளமாய்ப் போதும்.

கடன் எல்லை மீறியிருந்தால் வட்டிக்காரனிடம் ஓடாமல், பேங்க் நெகாரா 2006-இல் ஏற்படுத்திய ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிலையத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது.

குற்றம் முழுவதையும் பிள்ளைகள் தலையில் கட்ட நாம் தயாரில்லை. அந்தப் பையனின் ஐந்தில் எத்தனை அவனாக விரும்பித் திறந்தது? கொடுக்கிற ஒவ்வொருவரும், "எங்கள் பாங்கியில் கணக்குத் திற" என்றால் அவன் என்ன செய்வான்? 2018 முதல் டுயிட்நவ் வழியாக எந்தப் பாங்கியிலிருந்தும் எந்தப் பாங்கிக்கும் நொடியில் பணம் போகிறது. இன்னும் குறிப்பிட்ட பாங்கியைக் கட்டாயப்படுத்துவது கொடுப்பவர் சௌகரியத்துக்கேயன்றி வாங்குபவர் நன்மைக்கல்ல. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அந்தச் சம்பளக்காரரின் பிள்ளைக்கு 600 வெள்ளி சிதறிக் கிடப்பது சின்ன விஷயமல்ல. மாணாக்கர் ஏற்கெனவே வைத்திருக்கும் கணக்கு எதுவானாலும் அதிலேயே சம்பளமும் உதவித்தொகையும் செலுத்தப்பட வேண்டுமென்று தொழிற்சங்கம் கோர வேண்டும். கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள்.

பையன் செய்தி கேட்பீர்கள். மூன்று கணக்குகளை மூடிவிட்டான். கடனும் தீர்ந்தது. 600-இல் 540 போக மிச்சம் 60 வெள்ளி என்று நினைத்தோம்; அபராதம் கழிந்து 31 வெள்ளிதான் நின்றது. தகப்பனுக்குத் தொலைபேசியில் தானே எல்லாவற்றையும் சொன்னானாம். அவர் திட்டவில்லை. "எனக்கும் ரெண்டு கணக்கு இருக்கு, அடுத்த முறை வரும்போது பாரு" என்றாராம்.