எக்ஸ்எம்எல் பகுப்பி: திரும்ப எழும் கேள்விகளும் குறுக்குவழி விடைகளும்

எக்ஸ்எம்எல் 1.0 வரையறை 1998 பிப்ரவரி 10 அன்று வெளியான பின், அவ்வரையறைப்படி எழுதப்பட்ட ஆவணங்களைப் படித்து உறுப்பு, பண்பு, உரை எனப் பிரித்துத் தரும் பகுப்பிகள் பல தோன்றின. அவற்றுள் டேனியல் வெய்யார் தொடங்கி, க்னோம் திட்டத்தின் கீழ் வளர்ந்து, எம்ஐடி உரிமத்தில் வழங்கப்படும் லிப்எக்ஸ்எம்எல்2 என்னும் சி மொழி நிரலகம், பிஎச்பியின் டாம் நீட்டிப்பிலும் பைத்தானின் எல்எக்ஸ்எம்எல்லிலும் ரூபியின் நோக்கோகிரியிலும் உள்ளிருந்து இயங்குவதால், அதன் பெயரையே அறியாதவர்களும் அதன் பயனர்களாக உள்ளனர். இந்நிரலகத்தை நிறுவுவதிலும் பயன்படுத்துவதிலும் எழும் கேள்விகள் தலைமுறை மாறியும் பெரிதாக மாறவில்லை. புதியவர்கள் வந்துகொண்டிருக்கும் துறையில் அது இயல்பே. பிழைச்செய்தியை அடக்கும் ஏதோவொரு விருப்பத்தேர்வே விடையாகக் கைமாறுவதும், ஆவணம் நினைவகத்தில் எந்த வடிவில் நிற்கிறது என்ற விளக்கம் யாருக்கும் கிடைக்காமற் போவதுமே கவலைக்குரியவை.

நிறுவல் பற்றிய கேள்விகளுள் முதலிடம், தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்று கம்பைலர் நின்றுவிடுவதற்கு உரியது. லினக்ஸ் வழங்கல்கள் இயக்கத்திற்கான பொதியையும், நிரல் எழுதுவோருக்கான தலைப்புக் கோப்புகள் அடங்கிய 'டெவ்' அல்லது 'டெவல்' பொதியையும் தனித்தனியே தருகின்றன. முன்னது கணினியில் இருப்பதைக் கண்டு பின்னதும் இருப்பதாகக் கருதுவதே தடுமாற்றத்தின் தொடக்கம். தலைப்புக் கோப்புகள் வழக்கமான அடைவுக்குள் லிப்எக்ஸ்எம்எல்2 என்ற துணை அடைவில் வைக்கப்படுவதால், அப்பாதையைப் பிகேஜி-கான்ஃபிக் கருவியிடம் கேட்டுப் பெறுவதே முறை. கோப்புகளை வேறிடத்திற்கு நகலெடுப்பது அடுத்த பதிப்பு வரும்போது பழைய தலைப்பும் புதிய நிரலகமும் கலந்து கிடக்க வழிசெய்யும். பைத்தானில் நிலைமை வேறு: முன்தொகுக்கப்பட்ட எல்எக்ஸ்எம்எல் பொதி தனக்கான பகுப்பியைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால், கணினியின் நிரலகத்தைப் புதுப்பித்தாலும் அதன் நடத்தை மாறாது. பிழை எந்தப் பதிப்பில் என்று ஆராயும்போது இவ்வேறுபாடு பல மணிநேரத்தை விழுங்குகிறது.

பயன்பாட்டுக் கேள்விகளில் மிக அடிக்கடி எழுவது பெயர்வெளி சார்ந்தது. ஒரே பெயருடைய உறுப்புகள் இரு சொற்தொகுதிகளில் வெவ்வேறு பொருள் தரும்போது அவற்றைப் பிரித்தறிய, ஒவ்வொரு பெயருடனும் ஓர் இணைய முகவரி வடிவிலான அடையாளத்தைச் சேர்க்கும் ஏற்பாடே பெயர்வெளி. எஸ்விஜி படக் கோப்பொன்றின் வேர் உறுப்பு முன்னொட்டில்லாத இயல்புப் பெயர்வெளியை அறிவித்திருக்கும்போது, உள்ளிருக்கும் செவ்வக உறுப்பின் பெயர் கண்ணுக்கு 'ரெக்ட்' என்று மட்டுமே தெரிந்தாலும், பகுப்பியைப் பொறுத்தவரை அது அடையாளத்தோடு சேர்ந்த முழுப்பெயர். பகுப்பி நினைவகத்தில் கட்டும் மரத்தில், உறுப்பு, உரை முதலியவற்றைக் குறிக்கும் கணுக்களைத் தேடும் எக்ஸ்பாத் மொழியின் முதற்பதிப்பில் முன்னொட்டில்லாத பெயர் எப்பெயர்வெளியையும் சாராத பெயரையே குறிக்கும் என்பதால், 'ரெக்ட்' என்று தேடினால் விடை வெற்றுத் தொகுதி, பிழைச்செய்தியும் வராது. ஏதேனும் ஒரு முன்னொட்டை அதே அடையாளத்துடன் தேடலுக்கு முன் பதிவுசெய்து, அம்முன்னொட்டுடன் தேடினால் கணுக்கள் கிடைக்கும். ஆவணத்தில் அம்முன்னொட்டு எங்கும் இருக்க வேண்டியதில்லை. ஆனால், பெயர்வெளி அறிவிப்பையே சர மாற்றத்தால் அழித்துவிட்டுப் பகுப்பது என்ற வழி இன்றும் விடையாகப் பரவுகிறது. அவ்வாறு அழிக்கப்பட்ட ஆவணத்தை மீண்டும் சேமித்தால் அது எஸ்விஜி படமாகவே இருப்பதில்லை; உலாவி அதை வரையாது.

அடுத்தது வெற்றிடம். 'நூல்' என்ற உறுப்புக்குள் 'தலைப்பு', 'ஆசிரியர்' என்ற இரு உறுப்புகள் தனித்தனி வரிகளில் எழுதப்பட்டிருந்தால், நூலின் சேய்க்கணுக்கள் இரண்டல்ல, ஐந்து: தொடக்கத்திலும் இடையிலும் இறுதியிலும் உள்ள வரிமுறிவுகள் மூன்றும் உரைக்கணுக்களாகவே மரத்தில் அமர்கின்றன. எந்த வெற்றிடம் பொருளுடையது என்பதை ஆவணத்தின் இலக்கணமின்றிப் பகுப்பியால் தீர்மானிக்க இயலாது என்பதே இதற்குக் காரணம். கணுவின் வகையைச் சோதித்துவிட்டு அதைக் கையாள்வதே திருத்தமான வழி. வெற்றிடங்களை நீக்கும் 'நோபிளாங்க்ஸ்' விருப்பத்தேர்வு ஊகத்தின்பேரில் இயங்குவதால், தரவு ஆவணங்களுக்குப் பொருந்தினாலும், உரையும் உறுப்புகளும் கலந்துவரும் பத்திகளில் அடுத்தடுத்த இரு சாய்வெழுத்துச் சொற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை விழுங்கி அவற்றை ஒட்டிவிடக்கூடும். சேமிக்கும்போது வரிகள் உள்தள்ளப்படவில்லை என்ற முறையீட்டின் வேரும் இதுவே: உரைக்கணு உள்ள இடத்தில் புதிய வெற்றிடத்தைச் செருகுவது உள்ளடக்கத்தை மாற்றுவதாகும் என்பதால் நிரலகம் அதைத் தவிர்க்கிறது.

தமிழ் ஆவணங்களைக் கையாள்வோருக்குக் குறியாக்கம் தனிப் பொருள். நிரலகம் உள்ளுக்குள் யூடிஎஃப்-8 முறையிலேயே இயங்குகிறது; அம்முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்றெழுத்து, ஒருங்குறியில் ஐந்து குறியீடு, நினைவகத்தில் பதினைந்து பைட். சரத்தின் நீளத்தைப் பைட்டில் தரும் செயற்கூறும் குறியீட்டில் தரும் செயற்கூறும் தனித்தனியே இருக்க, ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு வெட்டினால் எழுத்து நடுவில் உடையும். தமிழ் முழுதும் எண்களாக மாறிவிட்டது என்ற பதற்றமும் அடிக்கடி எழுகிறது. எல்எக்ஸ்எம்எல்லில் குறியாக்கம் குறிப்பிடாமல் மரத்தைச் சரமாக மாற்றினால் வெளியீடு ஆஸ்கி முறையில் அமைவதால், 'த' என்ற எழுத்து 2980 என்ற எண் சுட்டாக எழுதப்படுகிறது. அது சிதைவன்று, எந்தப் பகுப்பியும் அதைத் 'த' என்றே திரும்பப் படிக்கும், குறியாக்கத்தைக் குறிப்பிட்டால் எழுத்தே நேராக வரும். உண்மையான சிதைவு, திஸ்கி என்னும் பழைய தமிழ்க் குறியாக்கத்திலுள்ள கோப்புகளில் நேர்வது: குறியாக்க அறிவிப்பு இல்லாத அத்தகைய கோப்பைப் பகுப்பி யூடிஎஃப்-8 என்றே கொண்டு பிழை சொல்லும்போது, 'ரெக்கவர்' என்னும் மீட்பு முறையை இயக்கினால் பிழை பொருட்படுத்தப்படாமல் சிதைந்த எழுத்துகளே மரத்தில் ஏறும். லினக்ஸின் ஐகான்வ் கருவி திஸ்கியை அறியும். முதலில் அதைக்கொண்டு ஒருங்குறிக்கு மாற்றி, அறிவிப்பையும் சேர்த்துத் திருத்திய பின்னரே பகுக்க வேண்டும். உறுப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாமா என்ற ஐயத்திற்கு வரையறை 1998 முதலே ஆம் என்கிறது என்பதை இங்குச் சேர்த்துச் சொல்வது தகும்.

குறுக்குவழி விடைகளுள் ஆபத்தானவை பாதுகாப்பைத் தொடுபவை. ஆவணத்தின் இலக்கணப் பகுதியில் ஒரு பெயருக்கு உரையையோ வெளிக்கோப்பையோ ஈடாக அறிவிக்கும் என்டிட்டி என்ற வசதி உண்டு. 'நோஎன்ட்' என்ற விருப்பத்தேர்வு, பெயர் தரும் எண்ணத்திற்கு மாறாக, என்டிட்டிகளை விரித்து நிரப்பச் சொல்கிறது. அயலார் அனுப்பிய ஆவணத்தை இத்தேர்வுடன் பகுத்தால், வழங்கியிலுள்ள கோப்பின் உள்ளடக்கம் வெளியேற வாயில் திறக்கிறது. ஒன்றையொன்று சுட்டும் என்டிட்டிகளால் சிறு கோப்பை நினைவகம் நிரம்பும் அளவுக்குப் பெருக்கும் தாக்குதலுக்கும், ஓர் உரைக்கணுவின் நீளத்திற்கும் நிரலகம் வரம்பிட்டுள்ளது. 'ஹியூஜ்' தேர்வு அவ்வரம்புகளைத் தளர்த்துவது. நம்பத்தக்க மூலத்திலிருந்து வரும் பெருங்கோப்புக்கு அது உரியது. எல்லாக் கோப்புக்கும் இயல்பாக இட்டுவைக்க உரியதன்று. பெருங்கோப்பு என்பதே சிக்கலானால், முழு மரத்தையும் கட்டாமல் கணு கணுவாக முன்னேறும் ரீடர் இடைமுகமே அதற்கு ஏற்றது. இலக்கணக் கோப்பை ஒவ்வொரு முறையும் வலையிலிருந்து இறக்கும் பழக்கத்தின் விளைவும் பதிவாகியுள்ளது: தன் இலக்கணக் கோப்புகளைக் கேட்டு நாளொன்றுக்கு 13 கோடி வரை வேண்டுகோள்கள் வருவதாக வரையறையை வெளியிட்ட டபிள்யூ3சி அமைப்பு 2008இல் அறிவித்தது. கோப்பைக் கணினியிலேயே வைத்து, முகவரியை அதற்குத் திருப்பும் கேட்டலாக் ஏற்பாட்டை நிரலகம் ஏற்கெனவே தருகிறது.

சி மொழியில் எழுதுவோர் நினைவில் கொள்ள வேண்டியது சுருக்கமானது: பண்பின் மதிப்பையோ கணுவின் உரையையோ நகலாகத் தரும் செயற்கூறு அளித்த சரத்தைப் பெற்றவரே விடுவிக்க வேண்டும், நிரலகத்தின் பொதுத் துப்புரவுச் செயற்கூறு நிரல் முடியும் வேளைக்கே உரியது, ஒவ்வோர் ஆவணத்திற்குப் பின்னும் அழைப்பதற்குரியதன்று.

இக்கேள்விகளின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் துறையினர் எண்ணிப்பார்க்க வேண்டும். நெடுங்காலம் இந்நிரலகத்தைப் பராமரித்த நிக் வெல்ன்ஹோஃபர், ஊதியமற்ற தன்னார்வலராகப் பிறர் அனுப்பும் பாதுகாப்பு முறையீடுகளுக்கு வாரந்தோறும் பல மணிநேரம் செலவாவதை எடுத்துக்காட்டி, இனி அவை பிற பிழைகளைப் போலவே கையாளப்படும் என்று 2025 ஜூனில் அறிவித்தார். அதே ஆண்டில் பொறுப்பிலிருந்தும் விலகினார். பெருநிறுவனங்களின் மென்பொருள்கள் சாய்ந்து நிற்கும் நிரலகத்திற்கு இந்நிலை நேர்ந்தது வருந்தத்தக்கது. அதைக்கொண்டு வருவாய் ஈட்டும் நிறுவனங்கள் பணத்தாலோ ஆள் உழைப்பாலோ பங்களிக்க வேண்டும் என்பது இவ்விதழின் உறுதியான கருத்து. தனி நிரலாளரால் இயல்வதும் உண்டு. கேள்வியை அனுப்புமுன் எக்ஸ்எம்எல்லின்ட் கட்டளையை 'நோஅவுட்' தேர்வுடன் இயக்கி ஆவணம் செவ்விய அமைப்புடையதா என்று பார்ப்பதும், பிழைகள் வரிசையாக வந்தால் பின்னவை பெரும்பாலும் முதற்பிழையின் விளைவுகளே என்பதால் முதல் வரியை முழுமையாக எடுத்தெழுதுவதும், நிரலகத்தின் பதிப்பெண்ணையும் சிக்கலைக் காட்டும் மிகச்சிறு ஆவணத்தையும் இணைப்பதும் சில நிமிட வேலை; அம்மூன்றும் இருந்தால் விடையளிப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை.