முகூர்த்தப் பட்டும் எடைக்கல் சாத்திரமும்

மணமகளுக்குத் தாலி ஏறும் வேளையில் அவள் உடுத்தியிருப்பது சுத்தமான காஞ்சிபுரப் பட்டாகவே இருக்க வேண்டும், அதுவும் கையில் வாங்கினால் கை தாழும் அளவுக்குக் கனக்க வேண்டும் என்னும் எண்ணம், கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தமிழரிடையே, குறிப்பாகத் தஞ்சோங் காராங், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டக் குடும்பங்களிடையே, வேதவாக்காகிவிட்டது. ஆவணி பிறந்ததும் முந்தானையைத் திருப்பிப் பார்த்து, "பஞ்சு கலந்திருக்கிறதே, இதையா மணவறைக்குக் கட்டுவது?" என்று முகம் சுளிக்கும் உறவினர்களின் பரிசோதனை இவ்வாண்டும் தவறாமல் தொடங்கியிருக்கிறது. மாப்பிள்ளையின் குணத்தை இவ்வளவு நுணுக்கமாக எவரும் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பருத்தி கலந்தால் மங்கலம் கெடும் என்போர் மயிலாடுதுறையின் ஒரு பகுதியான கூறைநாட்டை மறந்துவிட்டனர். அவ்வூர்த் தறிகளில் பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்டு நெய்யப்பட்ட சேலையே பழைய தஞ்சை மாவட்டத்தில் மணப்பெண்ணின் கூறைச் சேலையாக விளங்கியது. கங்காணி முறையில், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளரே தம் ஊருக்குச் சென்று ஆள் திரட்டி வரும் முறையில், நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர்களில் பலர் அதே தஞ்சை, திருச்சி மாவட்டத்தார். பருத்தி கலந்த கூறையில் தாலி ஏறிய அம்மாவட்டத்துப் பாட்டிமாரின் திருமணங்கள் செல்லாமற்போயினவா? அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பருத்தியைத் தீட்டாகக் கருதுவது பக்தியா, மறதியா?

காஞ்சிபுரத்து நெசவாளர்களின் திறமை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கும் 'கோர்வை' எளிதில் கைவராத கலை. ஆயினும், அச்சேலைக்குத் தேவையான பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசிய இழையாகிய சரிகை குஜராத்தின் சூரத்திலிருந்தும் வருகின்றன. ஆகவே கை தாழ்வதற்குக் காரணம் தெய்வீகம் அன்று, சரிகையின் உலோகமும் நூலின் பருமனும்தான். கச்சாப் பட்டை வேகவைத்துப் பசை நீக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதும், அந்த இழப்பை ஈடுகட்ட ஐரோப்பிய ஆலைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளீய உப்புகளை ஏற்றிப் பட்டைக் கனமாக்கின என்பதும் எடையின் யோக்கியதையைக் காட்டும். கனமே தரம் என்றால் தஞ்சோங் காராங் வயல்களின் நெல் மூட்டையை அல்லவா மணவறையில் உட்கார வைக்க வேண்டும்?

நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலோரத்தில், ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுந்த காற்றில், ஓமப் புகைக்கு எதிரே மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு வியர்வையை உறிஞ்சும் துணி வேண்டும் என்பதை உணரப் பேரறிவு தேவையில்லை. வியர்வை பட்ட பட்டில் கறை படியும். வெள்ளிச் சரிகை ஈரக் காற்றில் கறுக்கும். மறு நாளே அச்சேலை பெட்டிக்குள் போகும், பிறகு வெளியே வருவது அரிது. பருத்தி கலந்த கூறையோ வெப்ப மண்டலத்து உடலை அறிந்து நெய்யப்பட்டது.

புனிதம் பேசுவோர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். நீண்ட இழை அறுபடாமல் கிடைப்பதற்காகக் கூட்டுக்குள் இருக்கும் புழுவை உயிரோடு வெந்நீரிலோ ஆவியிலோ கொன்றே வழக்கமான பட்டு எடுக்கப்படுகிறது. இந்தக் கொலையைக் காரணம் காட்டிப் பட்டாடையைத் தவிர்க்கச் சொன்னவர் வேறு யாருமல்லர், காஞ்சி மடத்தின் தலைவராக இருந்த சந்திரசேகரேந்திர சரஸ்வதியே. காஞ்சிப் பெரியவரின் சொல் காஞ்சிப் பட்டுக்கு மட்டும் பொருந்தாது போலும்!

இந்த மூடநம்பிக்கை தனியாக வருவதில்லை. ஒளிப்பதிவுக்குழு, மணவறை அலங்காரம், ஒரு நாளைக்கு மூன்று உடைமாற்றம் என ஒரு பட்டாளத்தையே அழைத்துவருகிறது, அதன் பின்னால் வட்டிக்காரர் வருகிறார். 1941இல் கூலி உயர்வு கேட்டுக் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்து, துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளான தோட்டத் தொழிலாளரின் வழிவந்தோர், அவ்வாறு போராடி உயர்த்திய கூலியை ஒரு முகூர்த்தப் பொழுதில் கடன்காரரிடம் ஒப்படைக்கிறார்கள். பள்ளிக் கட்டணத்திற்குக் கணக்குப் பார்க்கும் வீடுகூடச் சரிகைக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. 1982 மார்ச் முதல் நடப்பிலுள்ள, முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், பதிவையும் இரு சாட்சிகளையும் கேட்கிறது. சேலையின் எடையை அது கேட்கவில்லை, எந்த ஆகமமும் கேட்கவில்லை. கேட்பவர்கள் கடைக்காரரும் முந்தானை புரட்டும் உறவினரும் மட்டுமே.

ஆகவே மணப்பெண்ணின் பெற்றோர் உடலுக்கும் பருவத்துக்கும் பணப்பைக்கும் ஏற்ற துணியை, அது மெல்லிய பட்டாயினும் பருத்தி கலந்த கூறையாயினும், கூச்சமின்றித் தேர்ந்தெடுக்க வேண்டும். பஞ்சு கலந்திருக்கிறதே என்று யாரேனும் முகம் சுளித்தால், கூறைநாட்டிலும் அப்படித்தான் நெய்தார்கள் என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு அனுப்பிவைக்கலாம்.