நடக்கச் சொல்லும் டாக்டரும் நடந்தே தேயும் கூலிக்காரரும்

சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் பணக்காரர்களின் வியாதி என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். உட்கார்ந்து தின்பவனுக்கு வரும், உழைத்துத் தின்பவனை அண்டாது என்று நம் பெரியவர்களும் நம்பினார்கள். இன்று மேச்சேரி, நங்கவள்ளி, ஜலகண்டாபுரம், தாரமங்கலம் வட்டாரத்தில் எந்தத் தறிப்பட்டறைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். சட்டைப் பையில் பீடிக்கட்டோடு மாத்திரை அட்டையும் இருக்கிறது. கடலைக் காட்டில் களை வெட்டும் அம்மாவின் மடியிலும் அதே அட்டைதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை டாக்டர் மோகன் குழுவினரும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023 ஜூனில் வெளியாயிற்று. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் 31 கோடி. தமிழ்நாட்டில் வயது வந்தோர் 100 பேரில் 14 பேருக்குச் சர்க்கரை. 2020இல் நம் மாநிலத்தில் எடுத்த இன்னொரு கணக்கு இதைவிடக் கொடுமையானது. இரத்தக் கொதிப்பு உள்ள 100 பேரில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் ஏழு பேர். சர்க்கரையில் பதினோரு பேர். மற்றவர்களுக்கு வியாதி இருப்பதே தெரியாது, அல்லது தெரிந்தும் மருந்து இல்லை, அல்லது மருந்தை நிறுத்திவிட்டார்கள்.

டாக்டரிடம் போனால் என்ன நடக்கிறது? 67 நாடுகளின் கணக்குகளைச் சேர்த்து 2017இல் ஓர் ஆராய்ச்சி வந்தது. சாதாரண வைத்தியர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரம் சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல். வங்காள தேசத்தில் 48 விநாடி. நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் டாக்டர் சொல்கிறார்: "தினம் அரை மணி நட. அரிசியைக் குறை. உப்பைக் குறை. நல்லாத் தூங்கு. கவலைப்படாதே." பன்னிரண்டு மணி நேரம் தறிக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்துவிட்டு வந்தவரிடம் நடக்கச் சொல்கிறார்! விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து சோறாக்கி, மூன்று மைல் போய்க் களை வெட்டி, தலைச்சுமையோடு திரும்பிய பெண்ணிடம் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார்! சிரிப்பதா, கோபப்படுவதா?

ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டாக்டரின் யோசனை பொய்யல்ல. "அதெல்லாம் காசு உள்ளவன் பேச்சு" என்று தள்ளிவிடும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அது நம்மையே சாகடிக்கும் வழக்கம்.

சீனாவின் வடகிழக்கில் டாச்சிங் என்று ஓர் எண்ணெய்க் கிணற்று நகரம் இருக்கிறது, தொழிலாளிகளின் ஊர். 1986இல் அங்கே ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்து, சர்க்கரையின் வாசற்படியில் இருந்த 577 பேரைப் பொறுக்கினார்கள். பெரிய ஆஸ்பத்திரி எதுவும் இந்தக் காரியத்துக்குத் தேவைப்படவில்லை. அந்த ஊரின் 33 சாதாரணச் சிகிச்சை நிலையங்களே செய்தன. சில நிலையங்களில் வழக்கம்போல் விட்டார்கள். சிலவற்றில் சாப்பாட்டைத் திருத்தினார்கள், சிலவற்றில் உடலசைவைக் கூட்டினார்கள், சிலவற்றில் இரண்டையும் செய்தார்கள். ஆறு ஆண்டு கழித்து, வழக்கம்போல் விட்ட இடங்களில் 100க்கு 68 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. மாற்றம் செய்த இடங்களில் 41 முதல் 46 பேருக்குத்தான் வந்தது. முப்பது ஆண்டு கழித்து 2019இல் திரும்பவும் கணக்குப் பார்த்தார்கள். மாற்றம் செய்தவர்களுக்குச் சர்க்கரை நாலு ஆண்டு தள்ளிப்போயிருந்தது, மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்திருந்தன, ஆயுளும் கூடியிருந்தது.

அது சீனாக்காரர் உடம்பு என்று யாரும் சொல்ல வேண்டாம். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்துச் செய்த சோதனை 2006இல் வெளிவந்தது. மூன்று ஆண்டில், ஒன்றும் செய்யாதவர்களில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. பழக்கத்தை மாற்றியவர்களில் 39 பேருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே 40தான். பழக்க மாற்றம் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தது என்று அர்த்தம். இந்தச் சோதனையில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று உண்டு. உடல் உழைப்பு வேலையில் ஏற்கெனவே இருந்தவர்களிடம் புதிதாக ஓடவோ நடக்கவோ சொல்லவில்லை. செய்வதையே தொடரச் சொன்னார்கள். சாப்பாட்டில்தான் கைவைத்தார்கள். மாவுப் பண்டம், எண்ணெய், சர்க்கரை குறைந்தன. நார்ச்சத்துள்ள பண்டங்கள் கூடின. மேச்சேரி டாக்டரும் நோயாளியின் தொழிலை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். கேட்க நேரமில்லை.

இந்தப் பக்கத்துச் சாப்பாடு எப்படி மாறியது என்று பாருங்கள். மானாவாரிச் சீமை இது. கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், சோளச் சோறு, கொள்ளுப் பருப்பு, காட்டுக் கீரை, இதுதான் பாட்டன் சாப்பாடு. இன்று மூன்று வேளையும் சோறு. சோறு மலைபோல், குழம்பு தண்ணீராய், தொட்டுக்கொள்ள ஊறுகாய். பருப்பு விலையும் காய் விலையும் கூலிக்கு எட்டாதபோது, பசியை அடக்கச் சோற்றைத்தான் கூட்ட வேண்டியிருக்கிறது. இரவு ஷிப்டில் கண் சொக்காமல் இருக்க ஐந்தாறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. நாவின் ருசிக்காக மட்டும் இதை யாரும் செய்யவில்லை. கடலை விளைகிற ஊரில் பாமாயிலில் தாளிப்பதும் அதே கதை.

கேழ்வரகை மருந்து என்று விற்கும் விளம்பரக்காரர்களையும் நம்ப வேண்டாம். நைசாக அரைத்த மாவில் பெரிய உருண்டைக் களி தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சின்ன உருண்டை, கூடவே கீரையும் கொள்ளும் என்றால்தான் பலன். 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். தருமபுரி எல்லைக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே பொருந்தும் நியாயம் இங்கேயும் பொருந்தும். பருப்பும் அதோடு சேர்ந்து தாராளமாக வரவேண்டும்.

தூக்கத்தின் கதை இன்னும் மோசம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைச் சென்னைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். நல்லது. ஆனால் நம் தறிப்பட்டறைகளில் மசோதா இல்லாமலே 12 மணி நேரம் ஓடுகிறது! ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இப்படி மாறி மாறி விழித்தால் உடம்பின் கடிகாரம் கெடுகிறது, சர்க்கரையும் கொதிப்பும் ஏறுகின்றன என்று வைத்திய சாஸ்திரமே சொல்கிறது. எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையும் டாக்டரின் சீட்டில் எழுதப்பட வேண்டிய மருந்துதான்.

இரத்தக் கொதிப்புக்கு வலி கிடையாது. அதனால்தான் "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று மாத்திரையை நிறுத்துகிறார்கள். பிறகு ஒரு நாள் கை விழுகிறது, வாய் கோணுகிறது. அல்லது சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை மேட்டூர் ஆஸ்பத்திரிக்கோ சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கோ இரத்தச் சுத்திகரிப்புக்கு அலைய வேண்டியதாகிறது. சிகிச்சை இலவசம் என்றாலும் பஸ் கூலியும் இழந்த கூலியும் இலவசம் அல்ல. கூடப் போகிறவரின் கூலியும் போகிறது. பட்டறை முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தலைமேல் ஏறுகிறது. படிக்கிற பையன் தறிக்கு வருகிறான். தெருத் தெருவாகப் பெயர் சொல்லக்கூடிய கதை இது.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிற்று. வீட்டு வாசலில் சோதனை, வாசலிலேயே மாத்திரை. சரியான ஏற்பாடு, 2024இல் ஐக்கிய நாடுகளின் விருதும் பெற்றது. ஆனால் வீட்டுக்கு வரும் பெண் பகலில் வந்தால் தறிக்காரர் பட்டறையில், கூலிக்காரர் காட்டில்! 2024 தொடக்கத்தில் தொழிற்சாலைகளுக்கும் இதைக் கொண்டுபோனார்கள். பெரிய ஆலைகளுக்குச் சரி. நாலு தறி ஓடும் கூரைக்கொட்டகைக்கு யார் வருவார்கள்? அங்கே இ.எஸ்.ஐ.யும் கிடையாது. வெயிலில் அலைந்து மாத்திரை கொடுக்கும் அந்தப் பெண்களுக்கோ 'தன்னார்வலர்' என்ற பட்டமும் 'ஊக்கத்தொகை' என்ற பெயரில் அற்பக் காசும். வேலை என்றால் சம்பளம் வேண்டும்.

பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டுக்கென்று 1978 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒவ்வொரு குட்டியின் பிறந்த எடை, மூன்று மாத எடை, ஆறு மாத எடை என்று எழுதி வைக்கிறார்கள். அது நல்ல காரியம். ஆடு மேய்க்கிறவரின் எடையும் இரத்தக் கொதிப்பும் எந்த நோட்டில் இருக்கின்றன?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் இரண்டு நாளாவது ஷிப்டு விட்ட பிறகு சாயங்கால வைத்தியம் நடக்கட்டும். வாரச்சந்தையில் இரத்தக் கொதிப்புப் பார்க்க ஒரு மேஜை போடட்டும். சர்க்கரைக்காரருக்கு முதல் தடவையாவது கால் மணி நேரம் ஒதுக்கி, என்ன வேலை, எத்தனை மணி ஷிப்டு, வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டு எழுத ஒரு நர்சை நியமிக்கட்டும். இந்தக் கோரிக்கைகளை மகஜராக எழுதிச் சங்கக் கிளைகள் கையெழுத்து வாங்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். டீயில் சர்க்கரையைப் பாதியாக்க யாருடைய உத்தரவும் தேவையில்லை. பீடியை விடுவதும், கூலி நாளன்று டாஸ்மாக் வாசலைத் தாண்டி நேரே வீட்டுக்கு வருவதும் நம் கையில். சோற்றை ஒரு கரண்டி குறைத்து, முருங்கைக் கீரையை ஒரு பிடி கூட்டலாம். கீரை வேலியிலேயே இருக்கிறது. பழக்கம் திருந்திவிட்டது என்று டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடாது. முப்பது வயது தாண்டிய ஆண், பெண் எல்லோருக்கும் இந்த மாதமே ஒரு தடவை பார்த்துவிட ஒவ்வொரு கிளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கட்டும். சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி அழைத்து வாருங்கள். அளவுகளைக் கிளை நோட்டில் பெயரோடு எழுதுங்கள். 140க்கு 90 தாண்டியவர்களை மறுவாரம் கூட்டிக்கொண்டு போக வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.