அழுகைக்கும் தாய்மொழி உண்டு
(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

காதல் பாடல்களைப் பற்றி ஒரு கட்டுரை. அதுவும் ஜப்பானியரின் ராக் இசையில் வந்த காதல் பாடல்களைப் பற்றி! நண்பர்கள் நகைக்கக்கூடும். ‘பாடத்தில் உள்ளதையே படிக்காதவன் ஜப்பானுக்குப் போய்விட்டானே’ என்று பேராசிரியப் பெருமக்கள் எண்ணவும் கூடும். இரு சாராரும் பொறுத்தருள வேண்டும். நான் ஜப்பானுக்குப் போன வழி எங்கள் விடுதி அறையிலிருந்துதான் தொடங்குகிறது.

சென்ற ஆண்டு என் அறைத்தோழன் ஒருவன் காதலில் தோற்றான். அவளுக்கு வேறிடத்தில் திருமணம் நிச்சயமாகிவிட்டது. மூன்று நாள் சாப்பாட்டு மணி அடித்தும் அவன் எழுந்து வரவில்லை. நாங்கள் என்ன செய்தோம்? “விடுடா, பொண்ணுங்களே இப்படித்தான்” என்றோம். அவளைப் பழித்தால் அவன் துயரம் குறையும் என்று நம்பினோம். எல்லாரையும் விட அதிகமாகப் பேசியவன் நான்தான். நான்காம் நாள் அவன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான்: “அவளைத் திட்டாதேடா. அவ ஒரு தப்பும் பண்ணலை.”

எனக்கு வாயடைத்துப் போயிற்று. யாரையும் பழிக்காமல் ஒரு பிரிவைப் பற்றிப் பேச எனக்கு ஒரு சொல்லும் தெரியவில்லை என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு, கைப்பேசியில் ஏதோ ஒரு பாடலைத் தேடப்போய் ஒரு ஜப்பானியப் பாடலில் இடறி விழுந்தேன். பொருள் விளங்கவில்லை, ஆயினும் விடமுடியவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடி அடியாகப் பொருள் தேடினேன். இன்று அம்மொழியை எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன். நான் கண்டது இதுதான்: காதலையும் பிரிவையும் சொந்த மொழியில், சின்னஞ்சிறு பொருள்களைக் கொண்டு, எவரையும் தூற்றாமல் பாடமுடியும். இந்த உரிமையை அந்நாட்டு இளைஞர்கள் வாதாடித்தான் பெற்றார்கள் என்பது பலரும் அறியாத வரலாறு.

ராக் இசை ஜப்பானுக்கு ஆங்கிலம் பேசிக்கொண்டே வந்தது. 1970-ஆம் ஆண்டையொட்டி அங்கே ஒரு பெரும் வழக்கு எழுந்தது. ராக் இசையை ஜப்பானிய மொழியில் பாடலாமா, கூடாதா? உலகம் கேட்க வேண்டுமானால் ஆங்கிலத்தில்தான் பாடவேண்டும் என்றார் பாடகர் யூயா உச்சிதா. ஜப்பானிய மொழி அந்தத் தாளத்தில் அமராது என்றும் வாதம் நடந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அம்மொழியில் ஒவ்வோர் அசையும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் ஒலிக்கும். பெரும்பாலான சொற்கள் உயிரொலியில் முடியும். ஆங்கிலத்தில் ஓரசைச் சொல் ஒன்று சம்மட்டி அடிபோல் விழுமிடத்தில், ஜப்பானியச் சொல் மூன்று நான்கு அடி எடுத்து நடக்கும்.

‘ஹாப்பி எண்ட்’ என்ற குழுவைச் சேர்ந்த நால்வர் இதற்கு மறுமொழி கூறினார்கள். ஹோசோனோ, ஓதாகி, சுசூகி, மாட்சுமோத்தோ என்பவர்கள் அவர்கள். 1971-இல் அவர்கள் வெளியிட்ட ‘கஸேமாச்சி ரோமான்’ என்ற இசைத்தட்டு முழுவதும் ஜப்பானிய மொழிதான். மொழியைத் தாளத்துக்காக ஒடிக்காமல், தாளத்தை மொழியின் நடைக்கு இசையச் செய்தார்கள். தெருவும் டிராம் வண்டியும் காற்றும் அப்பாடல்களில் வருகின்றன. பெரியவர்களிடம் பேசும் மரியாதை வினைகள் கூட ராக் பாட்டில் வந்து அமர்ந்தன! குழு சில ஆண்டுகளிலேயே கலைந்துவிட்டது. ஆனால் வழக்கு அவர்கள் பக்கமே முடிந்தது எனலாம்.

ஆங்கிலத்தில் பாடினால்தான் உலகம் கேட்கும் என்ற வாதம் என்னவாயிற்று? 1979-இல் ‘சதர்ன் ஆல் ஸ்டார்ஸ்’ குழுவின் கெய்சுகே குவாத்தா, ‘இதோஷி நோ எல்லி’ என்ற காதல் பாடலைத் தன் மொழியில் பாடினார். பத்தாண்டு கழித்து, 1989-இல், அமெரிக்காவின் மாபெரும் பாடகர் ரே சார்ல்ஸ் அதை ஆங்கிலத்தில் பாடினார். வாசலைத் தேடி அலைந்தவர்களுக்கு மாறாக, வீட்டிலேயே இருந்தவரின் கதவை உலகம் தட்டிற்று என்று சொன்னால் அது மிகையாகாது.

சரி, பெற்ற உரிமையைக் கொண்டு அவர்கள் என்ன பாடினார்கள்? மூன்று பாடல்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ‘ஆர்.சி. சக்ஸெஷன்’ குழுவின் ‘ஸ்லோ பாலட்’. ஆண்டு 1976. பாடியவர் கியோஷிரோ இமாவானோ. நகராட்சி விளையாட்டுத் திடலின் வாகன நிறுத்துமிடம், ஒரு கார், அதற்குள் இரவைக் கழிக்கும் இருவர், வானொலியில் மெல்ல ஒலிக்கும் ஒரு பாட்டு. கதை இவ்வளவுதான். நிலவு இல்லை, பூங்கா இல்லை, ‘உனக்காக உயிரையே தருவேன்’ என்ற சூளுரை இல்லை. போக இடமில்லாத இரண்டு பேருக்கு ஒரு வாகன நிறுத்துமிடமே உலகமாகிவிடுகிறது. இமாவானோவின் குரலோ கிழிந்த துணிபோல் இருக்கும். அந்த இசைத்தட்டு வெளிவந்த காலத்தில் சரியாக விற்கவில்லை, அச்சிடுவதும் நின்றுபோயிற்று. ரசிகர்கள் முயன்றுதான் அது மீண்டும் கடைக்கு வந்தது. இமாவானோ 2009-இல் மறைந்தார். பாட்டு மறையவில்லை.

இரண்டாவது, என் நெஞ்சை விட்டு அகலாதது. ஹாப்பி எண்ட் குழுவில் முரசடித்தவரும் பாட்டெழுதியவருமான தகாஷி மாட்சுமோத்தோ, பின்னர் ஜப்பானின் தலைசிறந்த பாடலாசிரியர்களுள் ஒருவரானார். பழைய தோழர் எய்ச்சி ஓதாகி 1980-இல் ஒரு தனி இசைத்தட்டுக்குப் பாடல் எழுதித் தருமாறு அவரைக் கேட்டிருந்தார். அந்நேரத்தில், பிறவியிலேயே இதயக் கோளாறு கொண்டிருந்த மாட்சுமோத்தோவின் தங்கை இறந்துபோனார். தன்னால் எழுத இயலாது, வேறொருவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கூறி விலகப் பார்த்தார் மாட்சுமோத்தோ. ஓதாகியோ வேறொருவரைத் தேடவில்லை, காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். இசைத்தட்டின் வெளியீடு தள்ளிப்போயிற்று. தங்கை மறைந்தபின் தோக்கியோ நகரத் தெருவில் நடந்தபோது காட்சிகளெல்லாம் நிறமற்றுத் தெரிந்தன என்று மாட்சுமோத்தோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1981 மார்ச் மாதம் ‘எ லாங் வெகேஷன்’ வெளிவந்தது. அதன் முதற்பாடல் ‘கிமி வா தென்னென்ஷோகு’. ‘நீ இயற்கை வண்ணம்’ என்று பொருள் கூறலாம். துள்ளும் இசை; கோடை வெயில் போன்ற குரல். கேட்பவர்களுக்கு அது பிரிந்த காதலியை எண்ணிப் பாடும் பாட்டு. வெளிறிப்போன நினைவுகளுக்கு மறுபடி வண்ணம் வேண்டும் என்பதே அதன் ஏக்கம். அந்த ஏக்கத்துக்குள் ஓர் அண்ணன் தன் தங்கைக்காக அழுதது எத்தனை பேருக்குத் தெரியும்? ஓங்கி அழாததனால்தான் அந்தப் பாட்டு எல்லாருடைய பிரிவுக்கும் இடம் கொடுக்கிறது என்பது என் கருத்து.

மூன்றாவது நம் தலைமுறைக்கு அருகில் உள்ளது. ‘ஃபுஜிஃபேப்ரிக்’ குழு 2007-இல் வெளியிட்ட ‘வகாமோனோ நோ சுபெத்தே’. எழுதிப் பாடியவர் மசாஹிகோ ஷிமுரா. கோடை முடிகிறது, ஊரில் மாலை ஐந்து மணிக்கான இசை ஒலிக்கிறது, அவ்வாண்டின் கடைசி வாணவேடிக்கை நடக்கப் போகிறது. அந்த ஒருவரை மறுபடி காண்போமா மாட்டோமா என்று மனம் ஊசலாடுகிறது. ஏன் பிரிந்தார்கள், யார் பிழை என்று ஒரு சொல்லும் இல்லை. ஷிமுரா 2009 டிசம்பரில் தம் 29-ஆம் வயதில் திடீரென மறைந்தார். அவர் பிறந்த ஃபுஜியோஷிதா நகரில், மாலைப் பொழுதை அறிவிக்கும் ஒலிபெருக்கி இசையாகவே அந்தப் பாட்டை ஒலித்திருக்கிறார்கள். மாலை மணியோசையைப் பாடிய பாட்டே ஊருக்கு மாலை மணியோசையானது! 2022-இல் உயர்நிலைப் பள்ளி இசைப் பாடநூலிலும் அது இடம்பெற்றது.

எல்லா ஜப்பானியப் பாடல்களும் இப்படி அடங்கிய குரலில் பேசுகின்றன என்று நான் சாதிக்கவில்லை. ‘எக்ஸ்’ குழுவின் 1989-ஆம் ஆண்டுப் பாடலான ‘எண்ட்லெஸ் ரெய்ன்’ வாய்விட்டு அழுகிறது. அதன் பல்லவி ஆங்கிலம். யுதாகா ஓசாகி பதினெட்டு வயதில், 1983-இல், ஒரு பாடலை வெளியிட்டார்; அதன் தலைப்பே ‘ஐ லவ் யூ’. ‘சொந்த மொழியின் வெற்றி என்றாயே, இது என்ன?’ என்று நண்பர்கள் மடக்கலாம். அன்றாட வாழ்வில் அம்மக்கள் ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று நேராகச் சொல்லக் கூசுவார்கள். ‘பிடிக்கும்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்வார்கள். ஆகவே வாய் கூசும் ஒரு சொல்லுக்கு மட்டும் ஆங்கிலத்தைக் கடன் வாங்கினார்கள். ஓசாகியின் பாட்டில் தலைப்பைத் தாண்டினால் வருவதெல்லாம் ஒளிந்து வாழும் இரண்டு இளையோரும் அவர்களுடைய எளிய அறையும்தான். அவை முழுக்க ஜப்பானிய மொழியில்தான் இருக்கின்றன.

ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ வாதிட்டதைத் தமிழ்த்துறை நண்பர்கள் அறிவர். மொழியியலாருள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதையும் அறிவர். அந்த வழக்கில் நான் இறங்கவில்லை. பெயர் சொல்லாமல், பொழுதையும் இடத்தையும் சொல்லியே பிரிவை உணர்த்தும் கலை நமக்குப் புதிதன்று என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அகப்பாடல்களைத் தேர்வுக்காக மனனம் செய்த நான், அதை நண்பனின் கட்டிலருகே அமர்ந்தபோது மறந்துபோனேனே என்பதுதான் என் வருத்தம்.

நண்பர்களே, காதல் பாடல்கள் வெறும் பொழுதுபோக்கு அல்ல. தோல்வி வரும்போது எப்படி நடந்துகொள்வது என்று இருபது வயதினருக்குக் கற்றுத்தரும் பள்ளிகள் அவை. பிரிந்து போனவளைக் குற்றவாளியாக்கும் பாட்டைக் கேட்டு வளர்ந்தவன் குற்றஞ்சாட்டத்தான் கற்பான். ஒரு வாகன நிறுத்துமிடத்தையும், வெளிறிய நிறத்தையும், மாலை மணியோசையையும் நினைத்துப் பார்க்கக் கற்றவன், இழந்ததை நன்றியோடு இழப்பான்.

பருவத் தேர்வு முடிந்த அன்று என் அறைத்தோழனை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று, மாட்சுமோத்தோவின் பாடலைப் போட்டுக் காட்டினேன். அந்தத் தங்கையின் கதையையும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பாட்டு முடிந்ததும், அவளை முதன்முதலாகப் பார்த்த பேருந்து நிறுத்தத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். தமிழில்தான் சொன்னான். நான் குறுக்கே ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.