அன்றாட ஆங்கிலம்: ஆஸ்பத்திரிச் சொற்கள்

இம்மாதம் வங்கிச் சொற்களை எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். அதனை ஒத்திவைக்க நேர்ந்துவிட்டது. காரணத்தைக் கூறினால் அன்பர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வசிக்கும் சகோதரி, திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு வந்து 2 ஆண்டுகள்கூட ஆகவில்லை. பள்ளியிறுதி வரை படித்தவர். அவருடைய கணவர் நிமோனியா கண்டு 4 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். 5ஆம் நாள் காலை டாக்டர் வெளியே வந்து, புன்னகையுடன், "ஹி ஈஸ் அவுட் ஆஃப் த உட்ஸ்" என்று கூறிவிட்டு விரைந்து சென்றுவிட்டார். அம்மையாருக்கு 'உட்ஸ்' என்னும் ஒரு சொல்தான் பிடிபட்டது. காடு! 'வீடு போ என்கிறது, காடு வா என்கிறது' என்று முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவருக்கு அச்சொல் எதனை நினைவூட்டும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அங்கேயே அமர்ந்து அழத் தொடங்கிவிட்டார். ஊருக்கும் தொலைபேசியில் செய்தி போய்விட்டது.

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். கணவரோ கட்டிலில் சாய்ந்து கஞ்சி பருகிக்கொண்டிருந்தார்! "சிரிச்சிக்கிட்டே சொன்னாரே அண்ணாச்சி, இந்த மனுசனுக்கு நெஞ்சில ஈரமே இல்லையான்னு நினைச்சேன்" என்றார் சகோதரி. ஊரிலோ 70 வயதுத் தாயார், முன்பதிவில்லாத பெட்டியில் ஏறிப் புறப்பட்டுவிட்டார்.

காட்டில் வழி தவறியவன் மரங்களைக் கடந்து வெட்டவெளிக்கு வந்தால் பிழைத்தான் அல்லவா? 'ஆபத்து நீங்கியது' என்பதே அத்தொடரின் பொருள். ஆயினும் 'நாட் அவுட் ஆஃப் த உட்ஸ் யெட்' என்றால் ஆபத்து இன்னும் நீங்கவில்லை. எனவே 'நாட்' வருகிறதா என்று செவிகொடுத்துக் கேளுங்கள்.

மரபுத்தொடரைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் காணலாகாது. அமைச்சர் ஒரு திட்டத்திற்குப் பச்சைக்கொடி காட்டினார் என்று படித்தால், அவர் கையில் கொடியைத் தேடுகிறோமா? (அக்கொடி ரயில்வேயிலிருந்து இரவல் போனது என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை.)

'ஹி வில் புல் த்ரூ' என்றால் பிழைத்துவிடுவார். 'பாஸ் அவே' என்றால் காலமாதல். 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுதல். நம் நாட்டில் படிப்பை முடிப்பதற்கும் 'பாஸ் அவுட்' என்றே வழங்குகிறோம். நர்ஸ் அம்மையார் 'டிட் ஹி பாஸ் அவுட்?' என வினவினால், பி.காம். முதல் வகுப்பு என்று விடை கூறிவிடாதீர்கள். 'எக்ஸ்பயர்' என்பதும் அத்தகையதே. எங்கள் அலுவலகத்தில் பாஸ் எக்ஸ்பயர் ஆகும்; ஆஸ்பத்திரியில் மனிதர்.

'ஸ்டேபிள்' என்றால் குணமாகிவிட்டது என்று பொருளன்று. நிலைமை மாறாதிருக்கிறது என்பது மட்டுமே. பரிசோதனை முடிவில் 'நெகட்டிவ்' என்று கண்டு முகம் வாடுவோர் பலர். தேடிய நோய் தென்படவில்லை என்பதே அதன் பொருள். பெரும்பாலும் மகிழவேண்டிய செய்தி. இரத்த வகையில் வரும் நெகட்டிவ் வேறு. அது வகையின் பெயர், நோயன்று.

கட்டிலருகே 'நில் பை மௌத்' என்னும் அட்டை தொங்கினால் மிக்க கவனம் வேண்டும். வாய்வழியே எதுவும் கூடாது. தண்ணீரும் டாக்டரைக் கேளாமல் கூடாது. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து. பாசத்தோடு ஊட்டும் ஓர் இட்லியால் ஆபரேஷனே தள்ளிப்போகக்கூடும்.

எதுவும் விளங்காவிட்டால் வெட்கப்படாமல், 'டாக்டர், ஈஸ் ஹி ஸேஃப்?' என்று கேட்டுவிடுங்கள். நான்கே சொற்கள்தான்.

தாயாரை அழைத்துவர நானே தாதர் நிலையத்திற்குச் சென்றேன். எழுத்தறியாதவர். மகன் நலமென்று வழியிலேயே தொலைபேசியில் அறிந்திருந்தார். நடந்ததை விவரித்தேன். சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "காட்டை விட்டு வெளிய வந்துட்டான்னுதானே டாக்டர் சொல்லியிருக்காவ? அதுக்கு ஏன் இந்தப் பிள்ளை அழுதுச்சு?"

வங்கிச் சொற்கள் அடுத்த இதழில்.