அடுப்புக்குப் பின்னால் ஒரு சுவர்

ஆண்டு மலருக்கு எழுத அரசியல் இல்லையா, அறிவியல் இல்லையா, சமையலறைச் சுவர்தானா உனக்குக் கிடைத்தது என்று விடுதித் தோழர் ஒருவர் எள்ளி நகையாடினார். நகையாடட்டும். கோடை விடுமுறையில் பதினைந்து நாள் அந்தச் சுவரோடு மல்லுக்கு நின்றவன் நான். அதைப் பற்றிச் சொல்ல எனக்குச் சில செய்திகள் உண்டு.

எங்களுடையது கடன் வாங்கிக் கட்டிய வீடு. கூடத்துத் தரைக்குக் கிரானைட் போட்டோம். பூசை அறைக்கு மணிகள் தொங்கும் தேக்குக் கதவு வைத்தோம். சமையல் மேடைக்கு வரும்போது கையில் காசு கரைந்துவிட்டது. அடுப்புக்குப் பின்னால் இரண்டடி உயரத்துக்கு வெறும் வெள்ளை டைல்ஸ் பதித்து வேலையை முடித்துக்கொண்டோம். ('பதிகல்' என்று எழுதுவதே முறை எனத் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் கடிந்துகொள்ளக்கூடும். கடையில் பதிகல் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.)

கூடத்துக்கு விருந்தினர் மாதத்தில் நான்கு நாள் வருவார்கள். அம்மாவோ நாள்தோறும் நான்கு மணி நேரம் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி நிற்கிறார். ஆண்டுக்கு 1,460 மணி. இரவு பகல் சேர்த்துக் கணக்கிட்டால் அறுபது நாளுக்கு மேல்! இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டில் மட்டுந்தானா இந்த ஓரவஞ்சனை? செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்கட்டில் பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பூப்போட்ட டைல்ஸ். அடுக்களை பின்கட்டில். அங்கே எந்தக் கப்பலும் போய்ச் சேரவில்லை. ஹாலந்துக்காரர்கள் இந்த வகையில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். 17-ஆம் நூற்றாண்டிலேயே அடுப்பங்கரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் நீலச் சித்திரம் தீட்டிய டைல்ஸ் பதித்தார்கள். ஈரமும் துடைப்பமும் சுவரைக் கெடுக்காமல் காக்க வேண்டும் என்பது நோக்கம். அழகு அதோடு கூட வந்தது.

நம் பாட்டிமாருக்கு இது தெரியாத கலையா? அடுப்பை மெழுகி, மாக்கோலம் இட்ட பிறகே உலை வைத்தார்கள். என் பாட்டி இன்றும் வெள்ளிக்கிழமை காலையில் காஸ் அடுப்புக்குக் கோலம் போடுகிறார். இடையில் வந்த நாம்தான் வெள்ளை டைல்ஸைப் பதித்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

சரி, என் வீரப்பிரதாபத்துக்கு வருகிறேன். முதலில் கடையில் சுருளாக விற்கும் பூப்போட்ட ஒட்டுத்தாளை வாங்கி வந்து ஒரே மாலையில் சுவர் முழுவதும் ஒட்டினேன். ரோஜாத் தோட்டமே வந்துவிட்டது! அம்மா சற்று நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இதை யாருப்பா துடைக்கிறது?" என்றார். பத்தே நாளில் விடை கிடைத்தது. அடுப்புச் சூட்டில் ஓரங்கள் சுருண்டன. தாளித்த எண்ணெய் உள்ளே இறங்கியது. அதற்குப் பின்னால் கரப்பான் பூச்சி குடியேறியது. தாளை உரித்து, பசையைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. நெருப்புக்கு அருகில் அத்தகைய தாளை ஒட்டியதே அறியாமை என்பதைப் பிறகு உணர்ந்தேன்.

அடுத்து வண்ணம் தீட்டலாமா என்று யோசித்தேன். டைல்ஸின் மேற்பூச்சு கண்ணாடி போன்றது. எளிதில் வண்ணம் பிடிக்காது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை எடுத்து, பிரைமர் அடித்து, நன்கு காய்ந்த பிறகே எனாமல் பூச வேண்டும். அப்படிப் பூசினாலும் அடுப்புக்கு நேர் பின்னால் நாள்தோறும் தேய்த்தால் நிற்பது கடினம். ஆகவே அதையும் கைவிட்டேன். ஆத்தங்குடி டைல்ஸ் பதியேன் என்றான் காரைக்குடி நண்பன். கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவை ஊற்றி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து உருவாக்கும் அந்தக் கைவேலை எனக்கு உயிர். ஆயினும் அது சிமெண்டு, எண்ணெயைக் குடித்துவிடும். தரையில் ராஜா, தாளிப்புக்குப் பின்னால் பாவம்.

கடைசியில் கைகொடுத்தது இடுக்குதான். டைல்ஸ் எண்ணெயை உறிஞ்சுவதில்லை. இடையிலுள்ள சிமெண்டுக் கோடுதான் உறிஞ்சிக் கறுக்கிறது. சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். (ஆசிட் ஊற்றாதீர்கள், அது சிமெண்டையே அரித்துவிடும்.) பழைய கோட்டைச் சற்று ஆழம் சுரண்டி எடுத்து, செங்கல் நிற கிரௌட் பொடியைக் குழைத்து அப்பி, இறுகுமுன் ஈரப் பஞ்சால் மிகுதியைத் துடைத்தேன். மறுநாள் காலை அந்த வெள்ளைச் சுவர் கண்டாங்கிச் சேலையின் கட்டம் போல நின்றது! எண்ணெய் படியாத எபாக்சி வகையும் உண்டு; விலை சற்று அதிகம். அடுப்புக்கு நேரே நான்கு வெள்ளை டைல்ஸை மட்டும் கொத்தனார் பெயர்த்தெடுத்து, கடையில் மீந்து கிடந்த மயில் படம் போட்ட நான்கைப் பதித்துக் கொடுத்தார். மேலே கரண்டிகளைத் தொங்கவிட ஒரு எவர்சில்வர் கம்பி. அவ்வளவுதான் செலவு.

என் கருத்து இதுதான்: அடுக்களையை அலங்கரிக்கக் கிளம்பும் ஆண்மகன் முதலில் ஒரு மாதம் அந்தச் சுவரைத் தானே துடைத்துப் பார்க்கட்டும். பிறகு கடைக்குப் போகட்டும். பார்ப்பவர் 'ஆகா' என்பதற்காகத் துடைப்பவர் தலையில் கூடுதலாக அரைமணி வேலை ஏற்றுவதை அழகு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எந்த நிறம், எந்தப் படம் என்பதையும் அடுப்படியில் நிற்பவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ரோஜாத் தாளை ஒட்டுமுன் நான் கேட்கவில்லை. மயில் அம்மா தேர்ந்தெடுத்தது.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். சன்னல் ஓரத்து இரண்டு டைல்ஸை மட்டும் தொடக்கூடாது. ஏன் என்று கேட்டேன். என் பழைய ஸ்கெட்ச் பேனாவால் பால்காரர் கணக்கை அவர் எழுதிவைப்பது அங்கேதானாம். மாதம் முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. இத்தனை ஆண்டுகளாக அந்த வீட்டில் சாப்பிடுகிறேன், அதை நான் கண்டதே இல்லை. அவை இரண்டும் இன்றும் வெள்ளையாகவே இருக்கின்றன. சென்ற முறை ஊருக்குப் போனபோது படித்துப் பார்த்தேன்: பதினேழாம் தேதி பால் வரவில்லை.