பரிசோதனை முடிவு முகவருடைய சொத்தல்ல

காணி விடுபடவில்லை; விடுபட்ட இடத்திலும் கிணறு தூர்ந்து கிடக்கிறது. கடன் மட்டும் வளர்கிறது. ஆகவே எமது குடும்பங்களிலிருந்து ஒருவர், அநேகமாக ஒரு பெண், மத்திய கிழக்குக்குப் புறப்படுகிறார். 'மெடிக்கல்' என்று ஒருநாள் அவரை அழைத்துச் சென்று இரத்தம் எடுக்கிறார்கள். அதில் எச்.ஐ.வி.யும் பார்க்கப்படுகிறது என்பதை எத்தனை பேருக்கு முன்கூட்டியே சொல்கிறார்கள்?

வளைகுடா நாடுகள் இப்பரிசோதனையைக் கட்டாயமாக்கியுள்ளன. தொற்று இருந்தால் விசா இல்லை. போனபின் தெரியவந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். அந்நாடுகளின் சட்டத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் புறப்படுமுன் இரத்தம் எடுக்கப்படுவது எமது நாட்டில். 'தகுதியில்லை' என்ற ஒரு சொல் முகவரிடம் போய், உபமுகவரின் வாய்வழியே ஊருக்கு வந்துவிட்டால் பிறகு யார் தடுப்பது? காரணம் சயரோகமாக இருக்கலாம், ஈரல் அழற்சியாக இருக்கலாம். ஊர் அதையெல்லாம் விசாரிப்பதில்லை. தகரக் கொட்டில்களில் வாழ்ந்த எமக்கு, ஒரு கதை எவ்வளவு விரைவாகச் சுவர் தாண்டும் என்பது தெரியும்.

2016 இல் நாடு இதைக் கண்டது. தகப்பன் எயிட்சினால் இறந்தார் என்ற கதையை நம்பி, ஒரு சிறுவனைப் பாடசாலையில் சேர்ப்பதைப் பெற்றோர் எதிர்த்தனர். சிறுவனுக்குத் தொற்றே இல்லை. உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அவனுடைய கல்வி உரிமையை நிலைநாட்ட வேண்டியிருந்தது.

2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சுகாதாரத் தகவலை விசேட பாதுகாப்புக்குரியதாகக் கொள்கிறது. நல்லது. ஆனால் அது உபமுகவரின் சைக்கிள்வரை வந்து சேரும் என்று நாம் காத்திருக்க முடியாது.

பரிசோதனையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கர்ப்பிணித் தாய்மாருக்குச் செய்யப்படும் பரிசோதனையால், தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்டது. அங்கே இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இருக்கவேண்டும். அது போனால் நோயுள்ளவர் ஒளிந்துகொள்வார். மருந்தும் அவரைச் சேராது.

ஆகவே, இரத்தம் கொடுக்குமுன் எதற்கென்று கேளுங்கள். முடிவை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். 'தகுதியில்லை' என்றால் காரணத்தை வைத்தியரிடமே, தனியாக, கேளுங்கள். முதற் பரிசோதனை மட்டும் முடிவாகாது. உறுதிப்படுத்தும் பரிசோதனை வேண்டும். அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், விபரமும் வெளியே போகாது. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி காணமுடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து துணைக்கு உடலுறவால் தொற்றுவதில்லை. அவர் தோட்டம் செய்யலாம், பிள்ளை வளர்க்கலாம்.